ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கிய இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 9 அன்று இரவு, குஜராத் கரையை ஒட்டிய டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், இந்தியப் போர்க்கப்பலான குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, தண்ணீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோ என்ற ஆயுதத்தால் தாக்கி மூழ்கடித்தது. 194 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் குக்ரியின் தலைவர் கேப்டன் முல்லாவின் தியாகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதில் பெரும்பாலும் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே இருக்கும். அந்த நிமிடங்கள் வரக் காரணமான பகலும், கப்பலின் கருவிகளும், கரையில் எடுத்த முடிவுகளும் விடுபட்டுப் போகின்றன. அவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் இறந்தவர்களுக்கு நியாயம் செய்ததாகும். அதனால் வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

குக்ரி என்ன வகைக் கப்பல்?

பிரிட்டனில், வைட் தீவிலுள்ள கௌஸ் நகரில் கட்டப்பட்ட பிரிகேட், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். 1956-ல் நீரில் இறக்கப்பட்டு, 1958 ஜூலையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. பிளாக்வுட் வகை என்பார்கள். நீளம் சுமார் 94 மீட்டர், முழுச் சுமையோடு எடை ஏறக்குறைய 1,450 டன்.

இந்த வகையை பிரிட்டன் வடிவமைத்ததே ஒரே ஒரு வேலைக்காக: நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பது. செலவைக் குறைப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் சுருக்கினார்கள். கப்பலைத் தள்ளும் சுழலி ஒன்றே ஒன்றுதான். பெரிய பீரங்கி கிடையாது, சிறிய 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் துப்பாக்கிகள் மட்டும். முக்கிய ஆயுதம் லிம்போ எனப்படும் மோர்ட்டார். மூன்று குண்டுகளைச் சேர்த்து வீசும், அவை தண்ணீருக்குள் இறங்கி வெடிக்கும். அது எட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இதே வகையில் இந்தியா மொத்தம் மூன்று கப்பல்கள் வாங்கியது: குக்ரி, கிர்பான், குத்தார். மூன்றும் சேர்ந்து 14-வது பிரிகேட் படைப்பிரிவு. அதன் தலைவரும் குக்ரியின் கேப்டனும் ஒருவரே, மகேந்திர நாத் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர். அப்போது வயது 45.

அந்த நேரத்தில் கடலில் என்ன நடந்துகொண்டிருந்தது?

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமானதளங்களைத் தாக்கியதும் போர் தொடங்கியது. அதே இரவில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி 93 பேரோடு மூழ்கியது. இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வந்தது அது. மறுநாள் இரவு இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு வெளியே கைபர் என்ற போர்க்கப்பலையும் முகாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. டிசம்பர் 8 இரவு கராச்சி மேல் இரண்டாவது தாக்குதல்.

ஆக, குக்ரி மூழ்குவதற்கு முந்தைய நாள்வரை கடற்போர் முழுக்க இந்தியாவின் பக்கம்தான் இருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் வெற்றிச் செய்தி வந்துகொண்டிருந்த வாரத்தில் நடந்ததால்தான் இந்த இழப்பு அவ்வளவு ஆழமாக இறங்கியது.

ஹங்கோர் டையூ பக்கம் எப்படி வந்தது?

ஹங்கோர் பிரான்சில் கட்டப்பட்ட டாஃப்னே வகை நீர்மூழ்கி. 1969 டிசம்பரில் பாகிஸ்தான் கடற்படையில் சேர்ந்தது. அதாவது போர் தொடங்கியபோது அதற்கு இரண்டே வயது. 58 மீட்டர் நீளம், முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு டார்பிடோக் குழாய்கள். பேட்டரியில் ஓடும்போது மிகக் குறைவாகவே சத்தம் எழுப்பும். தலைமை தாங்கியவர் கமாண்டர் அகமது தஸ்னிம், பிற்காலத்தில் வைஸ் அட்மிரலானவர்.

நவம்பர் கடைசியிலேயே அது கராச்சியிலிருந்து கிளம்பி சௌராஷ்டிரக் கரைக்கும் மும்பைக்கும் இடையில் காத்திருந்தது. போர் தொடங்குவதற்குச் சற்று முன், இந்திய மேற்குக் கடற்படையின் கப்பல்கள் இரவில் அதன் தலைக்கு மேலேயே கடந்து போயின. போர் இன்னும் அறிவிக்கப்படாததால் ஹங்கோர் சுடவில்லை. தஸ்னிம் பின்னாளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் தள்ளி அந்தச் சந்திப்பு நடந்திருந்தால் 1971 கடற்போரின் வரலாறு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

அப்படியானால் அங்கே ஒரு நீர்மூழ்கி இருப்பது இந்தியாவுக்குத் தெரியாதா?

தெரியும். ஹங்கோர் தன் தலைமையகத்துக்கு அனுப்பிய வானொலிச் செய்திகளின் சமிக்ஞையை இந்தியத் தரப்பு பிடித்துவிட்டது. அலை வந்த திசையை வைத்து டையூவுக்குத் தென்மேற்கே நீர்மூழ்கி இருக்கிறது என்று ஊகித்தார்கள். அதைத் தேடி அழிக்கத்தான் 14-வது படைப்பிரிவை மும்பையிலிருந்து அனுப்பினார்கள்.

மூன்று கப்பல்கள் போயிருக்க வேண்டியது. போரின் தொடக்கத்திலேயே குத்தாரில் இயந்திர வெடிப்பு ஏற்பட்டு அது மும்பைக்கு இழுத்து வரப்பட்டிருந்தது. அதனால் குக்ரியும் கிர்பானும் மட்டுமே போயின. எதிர்பாராத இடத்திலிருந்து வந்த அடி என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. எதிரி அங்கே இருக்கிறான் என்று தெரிந்துதான் அந்த இரண்டு கப்பல்களும் போயின.

நீர்மூழ்கியை வேட்டையாடவே கட்டிய கப்பல் நீர்மூழ்கிக்கு எப்படி இரையானது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

கடலுக்கடியில் கண்ணுக்கு வேலையில்லை. ராடார் அலையும் தண்ணீருக்குள் போகாது. ஒலி ஒன்றுதான் தூரம் போகும், கடல்நீரில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அந்த ஒலியை வைத்துத் தேடுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கப்பல் தானே ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்புகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, எதையும் அனுப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது. முதல் வழி இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவதைப் போல. டார்ச் வைத்திருப்பவன் எதிரே சில அடி தூரம்தான் பார்க்கிறான், ஆனால் அந்த வெளிச்சம் இருப்பது வெகுதூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும்.

குக்ரி முதல் வழியில் தேடியது. ஹங்கோர் இரண்டாவது வழியில் கேட்டுக்கொண்டிருந்தது. குக்ரியின் சோனார், அதாவது ஒலியால் தேடும் கருவி, 1950-களின் தொழில்நுட்பம், அது நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் தூரம் மிகக் குறைவு. ஹங்கோரின் கேட்புக் கருவிகளோ குக்ரியின் சுழலிச் சத்தத்தையும் சோனார் துடிப்பையும் பல மடங்கு தூரத்திலிருந்தே பிடித்துவிடும்.

அதோடு அரபிக்கடலின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பக் கடல்களில் மேற்பரப்பு நீர் சூடாகவும் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே சட்டென்று குளிர்ந்தும் இருக்கும். அந்த எல்லையில் ஒலி வளைந்து திசைமாறும். மேலே இருந்து அனுப்பிய சோனார் ஒலி அந்த எல்லைக்குக் கீழே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைச் சரியாகத் தொடாமலே போய்விடலாம். குளிர்ந்த வட அட்லாண்டிக்கை மனதில் வைத்துச் செய்த கருவிகள் நம் கடலில் தடுமாறின. கடற்படைக்காரர்கள் இதை அனுபவத்தில் அறிந்தே இருந்தார்கள்.

ஆயுதத்தின் தூரத்தையும் பாருங்கள். லிம்போ மோர்ட்டார் ஒரு கிலோமீட்டருக்குள்தான் எட்டும் என்று சொன்னேன். டார்பிடோ அதைவிடப் பல மடங்கு தூரம் போகும், அப்புறம் சுழலியின் சத்தத்தைத் தொடர்ந்து தானே திசைதிருப்பிக் கப்பலை நோக்கிப் போகவும் செய்யும். பார்ப்பதிலும் அடிப்பதிலும் வேட்டைக்காரனின் கை குட்டையாக இருந்தது. கப்பலில் இருந்தவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் இந்த இடைவெளியை அவர்களால் நிரப்பியிருக்க முடியாது.

அப்புறம் ஏன் மெதுவாகப் போனார்கள்?

சோனாரின் திறனைக் கூட்டும் ஒரு புதிய மின்னணுக் கருவி குக்ரியில் பொருத்தப்பட்டிருந்தது. லெப்டினென்ட் வி. கே. ஜெயின் என்ற இளம் கடற்படைப் பொறியாளர் உருவாக்கியது. எதிரொலி எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதே அதன் நோக்கம். அது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் கப்பலின் சொந்தச் சத்தம் குறைய வேண்டும், அதற்கு வேகம் குறைய வேண்டும். குக்ரியால் 27 நாட் வேகத்துக்கு மேல் ஓட முடியும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அன்று 12 நாட் வாக்கில் போய்க்கொண்டிருந்தது.

நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்த கடலில், வேகத்தைக் கூட்டி வளைந்து வளைந்து போவதுதான் பாதுகாப்பு. டார்பிடோவைக் குறிபார்க்க எதிரி உங்கள் திசையையும் வேகத்தையும் கணக்கிட வேண்டும், வளைந்து போனால் அந்தக் கணக்கு தப்பும். அன்று இரண்டு கப்பல்களும் ஒரு செவ்வகப் பாதையில் சீரான வேகத்தில் தேடிக்கொண்டிருந்தன. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பாதையை ஒளிந்திருந்து கவனிப்பவனால் அடுத்து அவை எங்கே வரும் என்று சொல்லிவிட முடியும்.

ஜெயினும் அன்று கப்பலிலேயே இருந்தார், கப்பலோடு இறந்தார். அந்தக் கருவியைக் குறைசொல்லிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குறைபாடுள்ள சோனாரை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று முயன்ற ஓர் இளைஞர் அவர். முயற்சி தவறில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை, எதிரி நிச்சயமாக இருக்கும் கடலில், போரின் நடுவில் சோதித்துப் பார்த்ததுதான் பெரிய ஆபத்து.

அன்று இரவு சரியாக என்ன நடந்தது?

டிசம்பர் 9 காலையிலேயே ஹங்கோர் இரண்டு கப்பல்களின் சத்தத்தையும் கேட்டுவிட்டது. பேட்டரியில் மெதுவாகப் போகும் நீர்மூழ்கியால் அவற்றை விரட்டிப் பிடிக்க முடியாது. பகல் முழுக்க அவற்றின் பாதையைக் கவனித்து, அவை திரும்பி வரும் இடத்தைக் கணித்து, மாலையில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டது. இரண்டு பிரிகேட்டுகளும் தாமாகவே அதை நோக்கி வந்தன.

ஹங்கோர் சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருந்தபடி, பெரிஸ்கோப்பில் பார்க்காமல், ஒலியை மட்டும் வைத்துக் குறிபார்த்தது. தஸ்னிமின் விவரிப்புப்படி முதல் டார்பிடோ கிர்பானை நோக்கிப் போனது. கப்பலின் அடியில் புகுந்து வெடிக்காமலே போய்விட்டது. இரண்டாவது டார்பிடோ குக்ரியை நோக்கி விடப்பட்டது, அது தப்பவில்லை. மூன்றாவது மறுபடியும் கிர்பானுக்கு, கிர்பான் முழுவேகத்தில் திரும்பி விலகிப்போய்த் தப்பியது.

இந்திய நேரப்படி இரவு 8:50 வாக்கில் குக்ரி அடிபட்டது. 8:45 வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். கரையில் போர் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் காத்திருக்கும் செய்தி அது. உயிர்தப்பியவர்கள் அந்த வானொலிக் குரலைத்தான் வெடிப்புக்கு முந்தைய கடைசிச் சத்தமாக நினைவுகூர்கிறார்கள். அடுத்த கணம் விளக்குகள் அணைந்தன. கீழ்த்தளங்களில் இருந்தவர்களுக்கு எது மேலே போகும் வழி என்றே தெரியாத இருட்டு.

ஒரே டார்பிடோவால் ஒரு கப்பல் சில நிமிடங்களில் மூழ்குமா?

மூழ்கும். டார்பிடோ பக்கவாட்டில் ஓட்டைபோட்டுத் தண்ணீர் புகுந்து கப்பல் மூழ்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே வெடிக்கும் டார்பிடோ அதைவிடக் கொடியது. வெடிப்பில் உருவாகும் ராட்சத வாயுக்குமிழி கப்பலை நடுவில் மேலே தூக்கும், அப்புறம் குமிழி சுருங்கும்போது அதே இடத்தில் கப்பலுக்கு அடியில் தாங்கலே இல்லாமல் போகும். மேலும் கீழுமான இந்த இரண்டு வளைவில் கப்பலின் முதுகெலும்பு முறிந்துவிடும். 1,450 டன் கப்பலுக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது. குக்ரியில் வெடிமருந்து அறைக்குக் கீழே டார்பிடோ வெடித்தது என்று ஹங்கோர் தரப்பு சொல்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் கப்பல் மறைந்துவிட்டது.

இந்த நேரக்கணக்கை மனதில் வைத்துப் பார்த்தால்தான், படகுகளை ஏன் இறக்கவில்லை, உதவிச் செய்தி ஏன் அனுப்பவில்லை போன்ற கேள்விகளுக்கு விடை தெரியும். கீழ்த்தளத்தில் இருக்கும் ஒருவர் இருட்டில் ஏணியைத் தடவிக் கண்டுபிடித்து, சாய்ந்துகொண்டிருக்கும் தளத்தில் முண்டியடித்து மேலே வருவதற்கே அந்த நேரம் போதாது.

கேப்டன் முல்லா பற்றிச் சொல்லப்படுவது உண்மையா?

உண்மைதான். அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட மகாவீர் சக்ரா விருதின் குறிப்பே அதைச் சொல்கிறது. கப்பலைக் கைவிடுவது என்று முடிவெடுத்ததும் பதற்றமில்லாமல் ஆட்களை வெளியேற்றினார். தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். முடிந்தவரை ஆட்களைக் கடலில் இறக்கியபின், இன்னும் யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்கக் கப்பல் தலைவரின் மேடைக்குத் திரும்பிப் போனார். கப்பலோடு போனார். மேடையில் இருந்த இளம் அதிகாரிகளை அவரே கடலுக்குள் தள்ளிவிட்டதாக உயிர்தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக அவரைப் பார்த்தவர்கள், அவர் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

அந்த இருக்கைக் காட்சிதான் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. எனக்கு விருதுக் குறிப்பில் வரும் மற்றொரு செய்தி அதைவிடப் பெரிதாகப் படுகிறது: வேறு யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்கத் திரும்பிப் போனார் என்பது. சாவதற்காக அவர் அங்கே போகவில்லை, வேலை முடியவில்லை என்று போனார்.

கேப்டன் கப்பலோடு மூழ்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

இல்லை. கப்பலை விட்டுக் கடைசியாக வெளியேறும் ஆள் தலைவராக இருக்க வேண்டும் என்பது நெடுங்கால மரபு, அவ்வளவுதான். கூடவே சாக வேண்டும் என்று எந்தக் கடற்படையும் கேட்பதில்லை. நல்ல தலைவரை இழப்பது எந்தப் படைக்கும் நஷ்டமே. ஆனால் தன் பொறுப்பில் இருந்த பலர் இன்னும் கீழ்த்தளத்தில் சிக்கியிருக்கும்போது, கடைசி ஆள் என்ற அந்த நிலைக்கு முல்லாவால் எப்படி வர முடியும்? மரபைக் கடைசிவரை கடைப்பிடித்தால் அன்று அவருக்கு வேறு முடிவு இருந்திருக்காது.

கிர்பான் அங்கேயே இருந்தும் ஏன் உடனே காப்பாற்றவில்லை?

கேட்பதற்குக் கடினமான கேள்வி, ஆனால் கேட்கப்பட வேண்டியது. கிர்பான் முதலில் தன் நீர்மூழ்கி எதிர்ப்பு ஆயுதங்களோடு தாக்க முயன்றது, மோர்ட்டார் பழுதாகிவிட்டது. அடுத்த டார்பிடோ தன்னை நோக்கி வரும் நிலையில் விலகிப் போனது. மறுநாள் காலை கட்சால் என்ற போர்க்கப்பலோடு திரும்பி வந்து, தண்ணீரிலும் மிதவைகளிலும் இருந்தவர்களை மீட்டார்கள்.

அந்த முடிவைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்கள் 1914 செப்டம்பர் 22-ஐப் படித்துப் பார்க்க வேண்டும். அன்று வட கடலில் அபூகிர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மனியின் யு-9 நீர்மூழ்கி அடித்தது. ஆட்களைக் காப்பாற்ற ஹோக், கிரெஸ்ஸி என்ற இரண்டு கப்பல்களும் நெருங்கி வந்து நின்றன. நின்ற இடத்திலேயே அவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக யு-9 அடித்தது. மூன்று கப்பல்களும் போயின, 1,400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது நிற்கக்கூடாது என்பதை உலகக் கடற்படைகள் கற்றுக்கொண்டது அந்த ஒரு காலையில்தான். கிர்பான் நின்றிருந்தால் மீட்க வந்தவர்களும் தண்ணீரில் கிடந்திருப்பார்கள்.

இதெல்லாம் சரிதான். ஆனாலும் எண்ணெய் படர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க மிதந்தபடி, விலகிப் போகும் கப்பலைப் பார்த்தவர்களின் மனநிலையை எந்த விதியாலும் ஆற்ற முடியாது. இரண்டையும் சேர்த்தேதான் நாம் சுமக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள்?

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள், மொத்தம் 194. பிழைத்தவர்கள் 6 அதிகாரிகளும் 61 மாலுமிகளும், ஆக 67 பேர். சுதந்திர இந்தியாவின் கடற்படை போரில் இழந்த ஒரே பெரிய போர்க்கப்பல் குக்ரிதான்.

ஹங்கோர் எப்படித் தப்பியது?

தேடாமல் விடவில்லை. அடுத்த சில நாட்களுக்குக் கப்பல்கள், சீ கிங் ஹெலிகாப்டர்கள், அலிஸே விமானங்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் கடற்பகுதியைச் சல்லடை போட்டன. டிசம்பர் 10 அன்று ஓர் அலிஸே விமானத்தைப் பாகிஸ்தானின் எஃப்-104 போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆழ்கடல் குண்டுகள் தங்கள் மேல் வீசப்பட்டதாக ஹங்கோர் தரப்பு சொல்கிறது. எதுவும் நெருங்கிப் படவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்தி, சத்தமில்லாமல் நழுவி, கராச்சி போய்ச் சேர்ந்தது. குக்ரியின் சோனாரால் கண்டுபிடிக்க முடியாததற்கு எது காரணமோ, அதேதான் இதற்கும் காரணம்: நம்மிடம் அப்போது இருந்த கருவிகள் அந்தக் கடலில் அவ்வளவு தூரம்தான் கேட்டன.

யார் மேல் தவறு?

இந்த விவாதம் ஐம்பது ஆண்டுகளாக ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகளிடையே நடந்துகொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்தது, வளையாமல் போனது, சோதனைக் கருவியை நம்பியது என்று கப்பலில் எடுத்த முடிவுகளைச் சிலர் சொல்வார்கள். பழைய சோனாரோடு இரண்டே கப்பல்களை, உடனிருந்து தேடித்தரும் வான்துணை இல்லாமல், நவீன நீர்மூழ்கி ஒன்றை நோக்கி அனுப்பிய கரைத் தலைமையைச் சிலர் சொல்வார்கள்.

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பங்கு கரையில்தான். சீ கிங் ஹெலிகாப்டர்கள் 1971-ல்தான் வந்து சேர்ந்திருந்தன, எண்ணிக்கை கொஞ்சம்தான் என்பது உண்மை. ஆனால் டாஃப்னே வகை நீர்மூழ்கியைப் பாகிஸ்தான் வாங்குகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதைக் கண்டுபிடிக்கும் சோனார் நம்மிடம் இல்லை என்பதும் தெரிந்த செய்திதான். தெரிந்தும் நிரப்பாமல் விட்ட அந்த இடைவெளியை, கடைசியில் கப்பலில் இருந்தவர்கள் உடம்பால் நிரப்ப வேண்டியதாயிற்று. கேப்டன் முல்லாவின் வீரத்தைப் பாடிவிட்டு இந்தக் கேள்வியை மூடிவைப்பது அவருக்கே செய்யும் அநீதி. அவர் தன் ஆட்களுக்காகத் திரும்பிப் போனவர், அந்த ஆட்கள் ஏன் இறந்தார்கள் என்று கேட்பதை அவர் தடுத்திருக்க மாட்டார்.

போரின் போக்கை இது மாற்றியதா?

இல்லை. ஒரு வாரத்தில், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கராச்சித் துறைமுகம் முடங்கியே கிடந்தது. ஆனால் ஒரே ஒரு நீர்மூழ்கி ஒரு பெரிய கடற்படையின் கவனத்தைப் பல நாட்களுக்குத் தன்பக்கம் இழுத்து வைக்கும் என்பது நிரூபணமானது.

நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பலா குக்ரி?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் முதலாவது என்பதுதான் சரி. உலகிலேயே முதல் சம்பவம் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பிப்ரவரி 17 அன்று நடந்தது. ஹன்லி என்ற கையால் சுழற்றி ஓட்டும் நீர்மூழ்கி, ஹௌசடானிக் என்ற கப்பலை மூழ்கடித்து, தானும் திரும்பி வராமல் போனது. இரண்டு உலகப்போர்களிலும் இது அன்றாடச் செய்தி. 1945-க்குப் பின் இருபத்தாறு ஆண்டுகள் அப்படி ஒன்று நடக்கவில்லை, குக்ரிதான் அந்த இடைவெளியை முடித்தது. குக்ரிக்கு அடுத்து 1982 மே 2 அன்று ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோவை பிரிட்டனின் காங்கரர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் இறந்தவர்கள் 323 பேர்.

அதற்குப் பிறகு இந்தியக் கடற்படையில் என்ன மாறியது?

நிறைய. நீர்மூழ்கியைக் கப்பலை வைத்து மட்டும் தேடக்கூடாது, மேலே விமானமும் ஹெலிகாப்டரும் வேண்டும் என்பது நடைமுறையானது. 1977-ல் சோவியத்திடமிருந்து ஐ.எல்-38 விமானங்கள் வந்தன, 1988-ல் டி.யு-142. இப்போது அந்த வேலையைச் செய்யும் பி-8ஐ விமானங்கள் நம் அரக்கோணத்து ராஜாளி தளத்திலிருந்து பறக்கின்றன. அந்தப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு அந்த விமானங்கள் தாழப் பறப்பது பழகிய காட்சி. அவை எதைத் தேடப் பறக்கின்றன என்று யோசித்தால், குக்ரிக்கும் அரக்கோணத்துக்கும் இருக்கும் தொடர்பு புரியும்.

சோனாரிலும் பெரிய மாற்றம். நம் வெதுவெதுப்பான கடலுக்கு ஏற்ற சோனாரை நாமே செய்ய வேண்டும் என்று கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகம் முனைந்தது. அப்சோ எனப்படும் அந்த முதல் பெரிய உள்நாட்டு சோனார் 1980-களில் இமகிரி போர்க்கப்பலில் பொருத்தப்பட்டது. இன்றைய இந்தியப் போர்க்கப்பல்களில் இருக்கும் சோனார்கள் அந்த வழியில் வந்தவைதான்.

நினைவிடம் எங்கே இருக்கிறது?

டையூவில், சக்ரதீர்த்தக் கடற்கரையை ஒட்டிய சிறு குன்றின் மேல். கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி கடலைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருக்கிறது. 1999 டிசம்பரில் திறக்கப்பட்டது. கப்பல் கிடக்கும் இடம் அங்கிருந்து சுமார் 40 கடல் மைல் தள்ளி.

குக்ரி, கிர்பான், ஹங்கோர் என்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றனவா?

பழைய ஹங்கோர் கராச்சியிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிசம்பர் 9-ஐ ஹங்கோர் தினம் என்று பாகிஸ்தான் கடற்படை அனுசரிக்கிறது. சீனாவோடு சேர்ந்து கட்டும் புதிய நீர்மூழ்கி வகைக்கும் அதே பெயர்.

பழைய கிர்பானும் குத்தாரும் 1970-களின் கடைசியில் புதிதாகத் தொடங்கிய கடலோரக் காவல்படைக்குப் போயின. குக்ரி என்ற பெயரை, மும்பை மசகான் தளத்தில் கட்டி 1989 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த புதிய ஏவுகணைக் கப்பலுக்குச் சூட்டினார்கள். அது 32 ஆண்டு உழைத்து 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது, மறுமாதமே அருங்காட்சியகமாக்குவதற்காக டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த புதிய கிர்பானை இந்தியா 2023 ஜூலையில் வியட்நாம் கடற்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது.